எடைக் கவலையும் மன அழுத்தமும்: கல்லூரி மாணவிகள் செய்யக்கூடியவை

பல ஆண்டுகள் மாணவியர் விடுதி ஒன்றின் காப்பாளராக இருந்த நான் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். வகுப்புகள் சீராக நடக்கும் வாரங்களில் ஒரு மூலையில் தூசி படிந்து கிடக்கும் எடை பார்க்கும் கருவி, தேர்வு அட்டவணை வெளியானதும், ஆய்வறிக்கை கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியதும், வேலைவாய்ப்பு நேர்காணல்கள் அறிவிக்கப்பட்டதும் அறையின் நடுவுக்கு வந்துவிடும். அந்த நாள்களில் யாருடைய உடலும் திடீரென்று பருத்துவிடவில்லை; மனத்தின் பாரம்தான் கூடியிருந்தது. மதிப்பெண் என்ன வரும், வேலை கிடைக்குமா, வீட்டார் என்ன சொல்வார்கள் என்று எதற்கும் விடை தெரியாத நேரத்தில், கிலோவில் அளந்து பார்க்கவும் முயன்றால் குறைக்கவும் முடிகிற ஒன்றாக எடை மட்டுமே கண்ணில் படுகிறது. கவலை அதன்மேல் போய் அமர்ந்துகொள்கிறது.

ஆகவே நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: உணவைக் குறைக்கத் தொடங்கும் முன், எடை பற்றிய எண்ணத்தை எழுப்பிவிட்ட அழுத்தம் எது என்று கண்டுபிடித்து, அதைக் கவனியுங்கள். பட்டினி, ஏற்கெனவே இருக்கும் அழுத்தத்தின்மேல் இன்னோர் அழுத்தத்தை ஏற்றும். படிப்பையும் சேர்த்துக் கெடுக்கும். எடை பற்றிக் கவலைப்படுவதற்காக உங்களை நீங்களே கடிந்துகொள்ளவும் வேண்டாம். இதை அலங்கார மோகம் என்றோ, படிக்காமல் இருப்பதற்கான சாக்கு என்றோ சொல்பவர்கள் அந்தக் கவலையோடு ஓர் இரவைக் கழித்துப் பார்த்ததில்லை.

இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள்

ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் எடையோ உருவமோ மனத்தை உறுத்தும் ஒவ்வொரு முறையும் மூன்று செய்திகளை மட்டும் எழுதுங்கள்: அப்போது மணி என்ன, மனத்தில் ஓடிய சொற்கள் அப்படியே என்ன, அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் என்ன நடந்தது. சாப்பிட்டதன் கணக்கையும் கலோரியையும் இதில் எழுத வேண்டாம். "மாலை 6.40. என் கை எவ்வளவு தடிமனாக இருக்கிறது. முன்னதாக: ஆய்வக அறிக்கையைத் திருத்தி எழுதச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள்" என்பது போல ஒரு வரி போதும்.

இரண்டு வாரம் கழித்து எல்லா வரிகளையும் ஒரே அமர்வில் படியுங்கள். சிலருக்கு அந்த எண்ணங்கள் ஒரு குறிப்பிட்ட பாடத்தின் வகுப்பு நாளில் குவிந்திருக்கும். சிலருக்குத் தூக்கம் கெட்ட இரவுக்கு மறுநாள். சிலருக்கு ஒரே ஒரு மனிதரிடம் பேசி முடித்த பிறகு. காலை உணவைத் தவிர்த்த நாள்களில் மட்டும் மாலையில் உடல் மீதான வெறுப்பு பொங்குவதைக் கண்டு, பசியைத்தான் இத்தனை நாளும் வெறுப்பு என்று நினைத்திருந்தேன் என்று சொன்ன மாணவியையும் எனக்குத் தெரியும். எண்ணம் எங்கிருந்து கிளம்புகிறது என்பது தெரிந்துவிட்டால் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதும் பாதி தெரிந்துவிடும். எழுத எழுத அந்த எண்ணங்கள் கூடிக்கொண்டே போனால் மட்டும் குறிப்பேட்டை மூடிவிட்டு, இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்கு நேராகச் செல்லுங்கள்.

அழுத்தம் பசியை எப்படி மாற்றுகிறது

அழுத்தம் உடலில் செய்யும் வேலையைத் தெரிந்துகொண்டால், "எனக்குக் கட்டுப்பாடே இல்லை" என்ற பழியின் பெரும் பகுதி உங்கள் தலையிலிருந்து இறங்கிவிடும். திடீரென வரும் அழுத்தம் பசியை அடக்கும். தேர்வு அறைக்கு வெளியே நிற்கும்போது ஒரு கவளம்கூட இறங்காமல் போவது அதனால்தான். அதே அழுத்தம் வாரக்கணக்கில் நீடித்தாலோ, சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்டிசால் என்ற ஹார்மோனைத் தொடர்ந்து கூடுதலாகச் சுரக்கின்றன. அது பசியைத் தூண்டுவதோடு, இனிப்பும் கொழுப்பும் நிறைந்த உணவின் மேல் நாட்டத்தையும் ஏற்படுத்துகிறது. நீண்ட காலம் கார்டிசால் மிகுந்தே இருந்தால் கொழுப்பு வயிற்றுப் பகுதியில் சேர்வதும் கூடுகிறது. எனவே ஒரே பருவத்தில் ஒரு மாணவி இளைப்பதும் அவளுடைய அறைத்தோழி எடை கூடுவதும் இயல்பே. இருவரின் உடலும் தாங்கள் சுமக்கும் பாரத்துக்குத் தத்தம் வழியில் பதில் சொல்கின்றன.

தூக்கம் இதில் பலரும் நினைப்பதைவிடப் பெரிய இடம் வகிக்கிறது. வயிறு காலியாக இருப்பதை மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் கிரெலின். உடலில் சேமிப்பு போதுமான அளவு இருப்பதைச் சொல்லும் ஹார்மோன் லெப்டின். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் 4 மணி நேரம் மட்டும் படுக்க வைத்தும், வேறு இரண்டு இரவுகள் 10 மணி நேரம் படுக்க வைத்தும் ஒப்பிட்டார்கள். தூக்கம் குறைந்தபோது லெப்டின் 18 விழுக்காடு குறைந்திருந்தது, கிரெலின் 28 விழுக்காடு கூடியிருந்தது, அவர்கள் உணர்ந்த பசியும் 24 விழுக்காடு கூடியிருந்தது. இரண்டே இரவுகளில் இவ்வளவு மாற்றம் என்றால், ஒரு தேர்வுக் காலம் முழுதும் நள்ளிரவு தாண்டிப் படிப்பவளின் பசி ஏன் கட்டுக்கு அடங்கவில்லை என்பதற்கு ஒழுக்கக் குறைவைக் காரணமாகத் தேட வேண்டியதில்லை. அந்தச் சோதனையில் பங்கேற்றவர்கள் ஆண்கள் மட்டுமே என்பதால் அதே எண்களைப் பெண்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆயினும் தூக்கமும் பசியும் ஒன்றையொன்று இழுக்கும் திசையை அது தெளிவாகக் காட்டுகிறது.

எனவே எடைக்காக எதையாவது மாற்றியே தீர வேண்டும் என்று மனம் அரித்தால், உணவைத் தொடாமல் முதலில் தூக்கத்தை மாற்றுங்கள். 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் பரிந்துரைக்கப்படுகிறது. உறங்கப் போகும் நேரத்தைவிட எழும் நேரத்தை நிலையாக வைப்பது எளிது; அதிலிருந்து தொடங்குங்கள். காபியின் காஃபின் பாதியளவு உடலிலிருந்து நீங்கவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், மாலைக்குப் பிறகு குடிக்கும் கோப்பை நள்ளிரவிலும் உங்களோடு விழித்திருக்கும். உணவுக்குப் பதிலாகக் காபி குடித்துப் பசியை அடக்குவது அதைவிடக் கெடுதல். அடங்கிய பசி இரவில் வட்டியோடு திரும்பி வருகிறது.

எடைக் கருவி காட்டும் எண்

ஒரே நாளுக்குள்ளும் அடுத்தடுத்த நாள்களுக்குள்ளும் உடல் எடை ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவது வழக்கம். அதில் பெரும்பகுதி நீர். தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைப்பொருள் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. பட்டினி கிடந்த முதல் சில நாள்களில் எண் சட்டென்று இறங்குவது அந்தச் சேமிப்பும் நீரும் வெளியேறுவதால்தான், கொழுப்பு கரைந்ததால் அன்று. உப்பு மிகுந்த உணவுக்கு மறுநாள் எண் கூடும். மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் பலருக்கு உடல் நீரைத் தேக்கிக்கொள்வதால் எண் கூடி, பின்னர் தானாகவே இறங்கும். இவற்றை அறியாத ஒரு பெண் தினமும் காலையில் அந்தக் கருவியில் ஏறி நின்றால், தன் உடலின் நீர்க்கணக்கைத் தன் மதிப்புக்கான தீர்ப்பாகப் படித்துவிட்டு வகுப்புக்குப் போகிறாள்.

உடல் நிறைக் குறியீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது அது, 18.5 முதல் 24.9 வரை இயல்பான எடை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. இந்தக் கணக்கை 1830களில் வகுத்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ஃப் கெட்லே; அவர் மருத்துவர் அல்லர், மக்கள்தொகையின் சராசரிகளை ஆராய்ந்த புள்ளியியலாளர். அதற்கு இன்றைய பெயரைச் சூட்டிய ஆன்செல் கீஸ், 1972ஆம் ஆண்டில் அதைப் பரிந்துரைத்ததும் பெருங்கூட்டமான மக்களை ஒப்பிடுவதற்காகவே. தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அது உடலில் எங்கே இருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. மருத்துவர் பிற அளவுகளோடு சேர்த்துப் பார்க்கும் ஒரு தொடக்கக் குறிப்பாக அதற்குப் பயன் உண்டு; தனியறையில் இரவு பதினோரு மணிக்கு நீங்களாகவே போட்டுப் பார்த்து அழுவதற்கான கணக்கு அது அன்று.

முதலாம் ஆண்டிலேயே மாணவிகள் 15 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 7 கிலோ, எடை கூடிவிடுவார்கள் என்ற பேச்சு அமெரிக்காவில் கிளம்பிப் பல நாடுகளுக்கும் பரவியிருக்கிறது. பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுதிரட்டி 2015ஆம் ஆண்டில் வெளிவந்த பகுப்பாய்வில், முதலாம் ஆண்டு மாணவர்களின் சராசரி எடைக் கூடுதல் ஒன்றரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவாகவே இருந்தது. இருபது வயதை ஒட்டிய உடல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது, எலும்பின் அடர்த்தி இருபதுகளின் பிற்பகுதி வரை கூடிக்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். பள்ளி இறுதி வகுப்பின் சீருடை பொருந்தவில்லை என்பதைத் தவறு என்று எண்ண அதில் ஒன்றும் இல்லை.

செய்ய வேண்டியது எளிது. மருத்துவர் எடை பார்க்கச் சொல்லியிருந்தால் ஒழிய, கருவியை அறையிலிருந்து அப்புறப்படுத்துங்கள். அறைத்தோழியின் கருவியாக இருந்தால் கட்டிலுக்கு அடியிலோ அலமாரிக்குள்ளோ வைத்துக்கொள்ளும்படி அவளிடம் கேளுங்கள். இறுக்கமாகிப்போன உடைகளைப் பார்வையில் படும்படி தொங்கவிடாமல் மடித்து வைத்துவிட்டு, இன்றைய உடலுக்குப் பொருந்தும் இரண்டு மூன்று உடைகளையாவது வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பைப் பிடிக்கும் உடையோடு மூன்று மணி நேரம் தேர்வு எழுதுவது, உடலைப் பற்றிய நினைப்பை நிமிடத்துக்கு ஒருமுறை வலிய வரவழைப்பதற்குச் சமம்.

பட்டினி படிப்பை என்ன செய்யும்

இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நல்ல மாணவிகள் மிகுதியாக ஏமாறும் இடம் இது. உடல் நிறைக் குறியீட்டுக்குப் பெயர் சூட்டியவர் என்று மேலே குறிப்பிட்ட அதே ஆன்செல் கீஸ், இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், 1944–45இல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆரோக்கியமான இளைஞர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். போரால் பட்டினி கிடந்த மக்களை மீட்பது எப்படி என்று அறிவதே அதன் நோக்கம். 24 வாரங்கள் நாளொன்றுக்கு 1,600 கலோரியை ஒட்டிய உணவு தரப்பட்டது. அவர்களின் எடை ஏறக்குறைய கால்பங்கு குறைந்தது. இன்று பல கைப்பேசிச் செயலிகள் எடை குறைப்பதற்கென்று சொல்லும் அளவைவிட அந்த உணவு ஒன்றும் மிகக் குறைவானதன்று என்பதைக் கவனியுங்கள்.

அந்த இளைஞர்களுக்கு நேர்ந்தது எடை இழப்பு மட்டும் அன்று. எரிச்சலும் சோர்வும் மனத்தளர்ச்சியும் வந்தன, நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள், ஒன்றில் மனத்தைக் குவிக்க முடியவில்லை என்று சொன்னார்கள். நாள் முழுதும் உணவைப் பற்றியே பேசினார்கள். முன்பு சமையலறைப் பக்கமே போகாதவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள். மீண்டும் உணவு தாராளமாகக் கிடைத்தபோது வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டவர்கள் அவர்களில் இருந்தார்கள். அவர்கள் யாரும் மெலிய ஆசைப்பட்டவர்கள் அல்லர். உடலுக்குப் போதிய உணவு கிடைக்காதபோது எந்த மனமும் இப்படித்தான் ஆகும். உணவைப் பாதியாகக் குறைத்துவிட்டு, பாடம் மனத்தில் நிற்கவில்லை, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை, எப்போதும் சாப்பாட்டு நினைவாகவே இருக்கிறது என்று கலங்கி நிற்கும் மாணவியிடம் நான் இந்தச் சோதனையைத்தான் சொல்வேன்.

இன்னொரு சோதனை 1975இல் வெளியானது. உணவில் தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் மாணவிகளுக்கும் அப்படிக் கட்டுப்படுத்தாத மாணவிகளுக்கும் முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு விரும்பிய அளவு ஐஸ்கிரீம் சாப்பிடலாம் என்றார்கள். கட்டுப்பாடு இல்லாதவர்கள், ஏற்கெனவே குடித்ததை ஈடுசெய்யும் வகையில் குறைவாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ, மில்க் ஷேக் குடிக்காதபோது சாப்பிட்டதைவிட அதிகமாகவே சாப்பிட்டார்கள். விதி உடைந்துவிட்டது, இன்றைய நாள் போயிற்று, இனி எவ்வளவு சாப்பிட்டால் என்ன என்ற எண்ணம் அப்போது வேலை செய்கிறது. கடுமையான விதி இருக்கும் வரை அது உடைபடும் நாளும் இருக்கும். ஆகவே "இதைத் தொடவே மாட்டேன்" என்று உணவுகளைத் தடைப்பட்டியலில் சேர்ப்பதை விட்டுவிடுங்கள்.

அதற்கு மாறாகச் செய்யத்தக்கது, உண்ணுதல் கோளாறுகளுக்கான உளவியல் சிகிச்சையிலும் முதற்படியாகக் கற்பிக்கப்படும் ஒழுங்கான உண்ணும் முறை: நாளுக்கு மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு மூன்று சிற்றுண்டிகள், விழித்திருக்கும் நேரத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிறாக இராமல் பார்த்துக்கொள்ளுதல். எதைச் சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்வியைச் சில வாரங்கள் ஒதுக்கிவைத்து, எப்போது என்பதை மட்டும் ஒழுங்குபடுத்துங்கள். வகுப்பு அட்டவணையை எடுத்து, தொடர்ந்து வகுப்புகள் வரும் நாள்களில் எந்த இடைவேளையில் எதைச் சாப்பிடப் போகிறீர்கள் என்று முந்தைய இரவே குறித்து வையுங்கள். தேர்வுக் காலத்தில் இந்த ஒழுங்குதான் முதலில் உடையும். அதனால் அப்போது பையில் கட்டாயம் ஏதேனும் இருக்கட்டும்.

ஓர் இரவு கட்டுமீறிச் சாப்பிட்டுவிட்டால், மறுநாள் காலை உணவை வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவில் சாப்பிடுங்கள். இந்த ஓர் அறிவுரையை மட்டும் பின்பற்றினாலும் போதும் என்று சொல்லும் அளவுக்கு இதன்மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. முந்தைய இரவை ஈடுகட்ட மறுநாள் பட்டினி கிடந்தால், அந்தப் பட்டினியே அடுத்த இரவின் கட்டுமீறலுக்குக் கதவைத் திறந்துவிடும்.

கண்ணாடி, கைப்பேசி, பேச்சு

உடலைப் பற்றிய நினைப்பு மூளையின் இடத்தை எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பதை 1998இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பார்பரா ஃபிரெட்ரிக்சனும் உடன் ஆய்வாளர்களும், கல்லூரி மாணவர்களைத் தனியறையில் ஆளுயரக் கண்ணாடிக்கு முன் நீச்சலுடையோ கம்பளிச் சட்டையோ அணிந்து நிற்கச் செய்து, அதே உடையிலேயே கணிதத் தேர்வு ஒன்றை எழுத வைத்தார்கள். நீச்சலுடை அணிந்த பெண்கள் கம்பளிச் சட்டை அணிந்த பெண்களைவிடக் குறைவாக மதிப்பெண் பெற்றார்கள். ஆண்களிடம் அந்த வேறுபாடு தென்படவில்லை. அறையில் வேறு யாரும் இல்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை. தன்னைத் தானே வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதே கவனத்தைத் தின்றுவிட்டது. ஆகவே படிக்கும் மேசையைக் கண்ணாடிக்கு எதிரே போடாதீர்கள். இணையவழி வகுப்பில் உங்கள் முகத்தை உங்களுக்கே காட்டும் சட்டத்தை மறைத்துவிடுங்கள்.

படங்களின் பலத்துக்கு ஃபிஜித் தீவுகளில் ஆன் பெக்கர் செய்த ஆய்வு சான்று. பருத்த உடல் நல்வாழ்வின் அடையாளமாக மதிக்கப்பட்ட ஒரு பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. அது வந்த சில வாரங்களில் பள்ளி மாணவிகளிடம் கேட்டபோது, எடையைக் கட்டுப்படுத்துவதற்காக வலிய வாந்தி எடுத்ததாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. 1998இல் கேட்டபோது 11.3 விழுக்காட்டினர் அவ்வாறு செய்ததாகச் சொன்னார்கள். மூன்று ஆண்டுகள், ஒரு தொலைக்காட்சி. இன்று அதைவிட நெருக்கமான திரை உங்கள் உள்ளங்கையில் இருக்கிறது; அதில் வரும் படங்கள் ஒளியாலும் கோணத்தாலும் செயலியாலும் திருத்தப்பட்டவை. எந்தச் சமூக ஊடகக் கணக்கைப் பார்த்த பிறகு குறிப்பேட்டில் ஒரு வரி எழுத நேர்கிறதோ அந்தக் கணக்கைப் பின்தொடர்வதை நிறுத்துங்கள். தோழியின் கணக்காக இருந்தால், நட்பை முறிக்காமலே அவளுடைய பதிவுகள் கண்ணில் படாதபடி அமைத்துக்கொள்ளலாம்.

பேச்சு இன்னும் நெருங்கியது. "நான் எவ்வளவு குண்டாகிவிட்டேன் பார்" என்று ஒருத்தி சொல்வதும், "நீயா, என்னைப் பார்" என்று மற்றவள் பதில் சொல்வதும் அன்பின் மொழியாகவே விடுதி அறைகளில் வழங்குகிறது. அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மூன்றாமவள் அன்று இரவு சாப்பிடாமல் படுத்துக்கொள்வாள். உங்கள் அறையில் உடலை இழித்துப் பேசும் பேச்சு வேண்டாம் என்று தோழிகளோடு ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். "இளைத்துவிட்டாயே, அழகாக இருக்கிறாய்" என்ற பாராட்டும் அதில் அடங்கும், ஏனெனில் அவள் ஏன் இளைத்தாள் என்பது உங்களுக்குத் தெரியாது. விடுமுறைக்குச் செல்லும்போது உறவினர் எவரேனும் எடையைப் பற்றித் தொடங்கினால், வாதம் செய்யாமல், "என் உடம்பைப் பற்றி வேண்டாம், என் படிப்பைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்" என்ற ஒரு வாக்கியத்தைக் கோபமில்லாத குரலில் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். தாயிடம் மட்டும் இன்னும் கொஞ்சம் திறந்து பேசலாம்: "நீங்கள் அக்கறையால் சொல்கிறீர்கள், அம்மா, ஆனால் அதைக் கேட்ட பிறகு எனக்குச் சாப்பிடவே பயமாக இருக்கிறது." உண்மையாகச் சொல்லப்படும் இந்த வாக்கியத்தைப் பெரும்பாலான தாய்மார்கள் புரிந்துகொள்வார்கள்.

எரிக் ஸ்டைஸ் என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிப் பல கல்லூரிகளில் சோதித்த ஒரு பயிற்சி, மெலிந்த உடலே இலட்சியம் என்ற எண்ணத்துக்கு எதிராக மாணவிகளையே வாதாட வைக்கிறது. அதில் ஒரு பகுதியைத் தனியாகவும் செய்யலாம். உடலைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கியிருக்கும் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்திக்கு, அந்த இலட்சியத்தைத் துரத்துவதால் என்னென்ன இழக்க நேரும் என்று ஒரு கடிதம் எழுதுங்கள். அவளுக்காக எழுதும்போது உங்களுக்குள் எழும் பரிவைக் கவனியுங்கள். அதைக் கொஞ்சம் உங்கள் பக்கமும் திருப்புங்கள்.

அழுத்தத்துக்கு நேரடியாகச் செய்ய வேண்டியவை

குறிப்பேடு காட்டிக்கொடுத்த அழுத்தம் ஒரு பாடமாக இருந்தால் அந்தப் பாடத்தின் ஆசிரியரைச் சந்திப்பதுதான் மருந்து. கடனோ கட்டணமோ என்றால் கல்லூரியில் உதவித்தொகை பற்றிக் கேட்பது. உறவு என்றால் அந்த உறவு. இது மிக வெளிப்படையாகத் தெரிந்தாலும், ஒரு மாதம் பட்டினி கிடக்கத் துணிபவள் ஆசிரியரின் அறைக்கதவைத் தட்டத் தயங்குவதை நான் பார்த்திருக்கிறேன். யாரிடமும் சொல்ல முடியாததை எழுதுங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், தங்களை ஆழமாகப் பாதித்த நிகழ்ச்சியையும் அதைப் பற்றிய உணர்ச்சிகளையும் தொடர்ந்து நான்கு நாள்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதிய மாணவர்கள், அடுத்து வந்த மாதங்களில் உடல்நலக் குறைவுக்காக மருத்துவ மையத்துக்குச் சென்றது குறைந்திருந்தது. எழுதியதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

உடற்பயிற்சி வேண்டும், ஆனால் சாப்பிட்டதற்கான தண்டனையாக வேண்டாம். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் பெரியவர்களுக்குத் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தோழியோடு பேசிக்கொண்டே வேகமாக நடப்பதும் அதில் சேரும். கலோரி காட்டும் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நடங்கள்.

மருத்துவரிடம் போக வேண்டிய எடை மாற்றம்

உணவிலும் தூக்கத்திலும் பெரிய மாற்றமில்லாமல் எடை விடாமல் கூடினாலோ குறைந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு சுரப்பி மந்தமானால் எடை கூடி, சோர்வும் மலச்சிக்கலும் குளிர் தாங்க முடியாமையும் வரும்; அது மிகையாகச் சுரந்தால் எடை குறைந்து படபடப்பு வரும். மாதவிடாய் ஒழுங்கற்றுப்போய், முகத்தில் முடி வளர்ந்து, பருக்களும் மிகுந்தால் சினைப்பை நீர்க்கட்டிக் குறைபாடு இருக்கக்கூடும். குழந்தை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு அது இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. சில மனநல மருந்துகளும் ஸ்டீராய்டு மருந்துகளும் எடையைக் கூட்டும்; அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது, எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் மாற்று கேளுங்கள். எடை குறைப்பது உண்மையில் நல்லது என்று மருத்துவர் சொன்னால், எவ்வளவு, எத்தனை மாதங்களில், எந்த உணவியல் நிபுணரின் துணையோடு என்று கேட்டு, தேர்வுக் காலத்தைத் தவிர்த்துத் தொடங்குங்கள். விளம்பரத்தில் வரும் மாத்திரையையும் பொடியையும் தொடாதீர்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

பிரிட்டனின் மருத்துவர்கள் 1999இல் வெளியிட்ட ஐந்து கேள்விகள் உண்ணுதல் கோளாறைத் தொடக்கத்திலேயே அடையாளம் காண உலகெங்கும் பயன்படுகின்றன. வயிறு அசௌகரியமாக நிறைந்துவிட்டதால் வலிய வாந்தி எடுக்கிறீர்களா? எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதில் கட்டுப்பாட்டை இழந்துவிட்டதாகக் கவலைப்படுகிறீர்களா? மூன்று மாதங்களுக்குள் ஆறு கிலோவுக்கு மேல் எடை குறைந்திருக்கிறதா? மற்றவர்கள் நீங்கள் மிக மெலிந்திருப்பதாகச் சொல்லும்போதும் நீங்கள் பருமனாக இருப்பதாக நம்புகிறீர்களா? உணவே உங்கள் வாழ்க்கையை ஆட்டிப்படைப்பதாகச் சொல்வீர்களா? இவற்றுள் இரண்டுக்கு ஆம் என்று பதில் வந்தால் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ இந்த வாரமே சந்தியுங்கள். இது நோயை உறுதிப்படுத்தும் சோதனை அன்று. சந்திக்க வேண்டும் என்று சொல்லும் சோதனை. உண்ணுதல் கோளாறு உள்ளவர்களில் பலருடைய எடை பார்வைக்கு இயல்பாகவே இருக்கும் என்பதால், "நான் ஒன்றும் அவ்வளவு ஒல்லி இல்லையே" என்று தள்ளிப்போட வேண்டாம்.

வலிய வாந்தி எடுப்பது பல்லின் எனாமலை அரிப்பதோடு இரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும். பொட்டாசியம் மிகக் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்து நேரலாம். பேதி மாத்திரை உடலின் நீரை வெளியேற்றுகிறதே ஒழிய, சாப்பிட்ட உணவின் சத்து அதற்கு முன்பே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராமல் இருப்பதை வசதி என்று எண்ணி மகிழாதீர்கள். கருவுற்றிருக்கவில்லை என்றால், உடல் போதிய உணவின்றி எலும்பையும் இழந்துகொண்டிருக்கலாம். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, இரத்த வாந்தி ஆகியவை அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை. வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால், அந்த நிமிடமே அருகில் இருக்கும் ஒருவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள்.

தோழி ஒருத்தியிடம் இவற்றைக் கண்டால், மற்றவர்கள் இல்லாத நேரத்தில், சாப்பாட்டு மேசையில் இல்லாமல் வேறிடத்தில் அவளிடம் பேசுங்கள். அவளுடைய உடலைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்; நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்: "ஒரு மாதமாக நீ எங்களோடு சாப்பிட வருவதில்லை, இரவில் அழுவது கேட்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது." அவள் மறுக்கலாம், கோபப்படலாம். மறுநாளும் அவளோடு எப்போதும் போல இருங்கள், சில நாள் கழித்து இன்னொரு முறை சொல்லுங்கள். ஆலோசகரைப் பார்க்க ஒப்புக்கொண்டால் நேரம் வாங்கிக்கொடுத்து, அந்த அறையின் வாசல் வரை கூடவே நடந்து சென்று, அவள் வெளியே வரும் வரை அங்கேயே உட்கார்ந்திருங்கள்.